வாசகர் கேள்வி – பதில்: தடயவியல் உளவியலில் முதுநிலைப் படிப்பு

உளவியல் மேற்படிப்புகள் பற்றி வரும் கடிதங்களில் தடயவியல் உளவியலைக் குறித்துக் கேட்பவை அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. ஆதலால் இந்த இதழின் பதில்களை அந்த ஒரு துறைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பி.எஸ்சி. உளவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தடயவியல் உளவியலில் எம்.எஸ்சி. சேர விரும்புகிறேன். குற்றம் நடந்த விதத்தைப் பார்த்து, அதைச் செய்தவர் எப்படிப்பட்டவர் என்று காவல்துறைக்குச் சொல்லும் நிபுணராக வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் படிப்பில் அதைக் கற்றுத் தருவார்களா?
– ஒரு மாணவி, பாளையங்கோட்டை

நீங்கள் ஆசைப்படும் வேலை கிரிமினல் புரொஃபைலிங் எனப்படுவது. தொலைக்காட்சித் தொடர்களில் அதுவே முழுத் துறையாகக் காட்டப்படுகிறது. உண்மையில் அது இத்துறையின் ஒரு மூலை. அதிலும் அறிவியல் ஆதாரம் மிகக் குறைந்த மூலை. முதுநிலைப் பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு சில வகுப்புகள் ஒதுக்கப்படலாம். அந்த வகுப்புகளிலும் நல்ல ஆசிரியர் முதலில் சொல்லித் தருவது அதன் எல்லைகளைத்தான்.

லண்டன் விம்பிள்டன் பொதுவெளியில் 1992ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரேச்சல் நிக்கெல் என்ற இளம் தாய், தன் சிறு மகனின் கண்ணெதிரே கொல்லப்பட்டார். காவல்துறை ஓர் உளவியலாளரிடம் புரொஃபைல் எழுதி வாங்கியது. அதற்குப் பொருந்துவதாகத் தோன்றிய காலின் ஸ்டாக் என்பவரிடம் பெண் காவலர் ஒருவரை மாறுவேடத்தில் மாதக்கணக்கில் பழகவைத்து, ஒப்புதல் வாக்குமூலம் பெற முயன்றது. ஒப்புதல் கிடைக்கவில்லை. 1994இல் நீதிபதி அந்தச் சான்று முழுவதையும் ஏற்க மறுத்தார், வழக்கு விழுந்தது. உண்மையில் கொன்றவர் இராபர்ட் நாப்பர் என்பது பின்னாளில் டி.என்.ஏ. சோதனையால் தெரிந்து, 2008இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட 1993ஆம் ஆண்டில், காவல்துறையின் பார்வை ஸ்டாக் மீதே நிலைத்திருந்த காலத்தில், நாப்பர் இன்னொரு பெண்ணையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றுவிட்டார். புரொஃபைல் தவறினால் நிரபராதி ஒருவர் துன்பப்படுவதோடு விஷயம் முடிவதில்லை என்பதற்கு இந்த வழக்கைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

தடயவியல் உளவியலாளரின் நாளாந்த வேலை வேறு. யார் செய்தார் என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் பொறுப்பு. ஒருவர் கைதான பின்போ, ஒரு குழந்தை பாதிக்கப்பட்ட பின்போ, தண்டனையை முடிவு செய்யும் முன்போ சட்டம் சில திட்டவட்டமான கேள்விகளை எழுப்புகிறது. அந்தக் கேள்விகளுக்கு உளவியல் முறைப்படி ஆராய்ந்து விடை எழுதித் தருவதும், எழுதியதை நீதிமன்றக் கூண்டில் நின்று விளக்குவதுமே அவருடைய பணி.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவுதான் அது. மனநலக் குறைவு காரணமாக, செயலைச் செய்த நேரத்தில் அதன் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாதவராக இருந்தவர் குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது அது. பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து உண்ணும் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நோய் இருக்கிறதா என்பது எளிய கேள்வி. சட்டம் கேட்பது அதுவல்ல. அன்றிரவு, அந்த நேரத்தில், தாம் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது. உளவியலாளர் அவரைச் சந்திப்பதோ பல வாரங்களோ மாதங்களோ கழித்து, மருந்து கொடுத்து அவர் அமைதியடைந்த பின். ஆகவே விடையைப் பழைய மருந்துச் சீட்டுகளிலும், புறநோயாளி அட்டையிலும், சம்பவத்துக்கு முந்தைய வாரம் அவர் உண்டாரா உறங்கினாரா என்ற வீட்டாரின் நினைவிலும், அரிவாளை ஒளித்தாரா, சட்டையைத் துவைத்தாரா, ஓடினாரா அல்லது அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்ற சாட்சிகளின் சொல்லிலும் தேடிச் சேர்க்க வேண்டும். அவர் நடிக்கிறாரா என்பதையும் சோதிக்க வேண்டும். இந்தப் பொறுமையான வேலை உங்களுக்குப் பிடிக்குமானால் இத்துறை உங்களுக்கானது.

இதுபோல இன்னும் சில கேள்விகள் உள்ளன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களுக்கான முறையில் விசாரிக்கலாமா என்பதை முடிவு செய்வதற்கு முன், அவருடைய மன, உடல் திறனையும் விளைவை உணரும் ஆற்றலையும் இளைஞர் நீதிக் குழுமம் முதனிலை மதிப்பீடு செய்ய வேண்டும். குழும உறுப்பினர் எவரும் குழந்தை உளவியலிலோ குழந்தை மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்றவராக இல்லாவிட்டால், அனுபவமுள்ள உளவியலாளர் போன்ற நிபுணரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், மரண தண்டனை குறித்து முடிவெடுக்கும் முன் குற்றவாளியின் உளவியல் மதிப்பீட்டு அறிக்கையைப் பெற வேண்டும் என்று அந்நீதிமன்றமே வலியுறுத்தியது. ஒரு மனிதரின் உயிர் குறித்த தீர்மானத்தில் உங்கள் அறிக்கையும் ஒரு தாளாக இருக்கும் என்பதை மனத்தில் வைத்தே படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

என் மகள் உளவியலில் இளநிலை முடித்துவிட்டு, தடயவியல் உளவியலில் எம்.எஸ்சி. படிக்கப் போவதாகச் சொல்கிறாள். இந்தப் படிப்பை எங்கே படிப்பது? முடித்தால் வேலை கிடைக்குமா? தனியாகத் தொழில் நடத்த உரிமம் உண்டா?
– ஒரு தந்தை, சேலம்

ஐயா, உரிமம் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. பெரும்பாலான மாணவர்கள் சேர்ந்த பின்னரே அதைக் கேட்கிறார்கள்.

தடயவியல் உளவியலாளர் என்ற பெயரில் பதிவு செய்துகொள்ளும் தனிப் பதிவேடு இந்தியாவில் இல்லை. இருப்பது மருத்துவ உளவியலாளர்களுக்கான பதிவேடு. அதை நடத்துவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆர்.சி.ஐ. ஏற்ற தகுதியோடு இணைத்தே வரையறுக்கிறது. வழக்கை எதிர்கொள்ளும் மனநிலை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டா என்று ஐயம் எழும்போது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367ஆம் பிரிவு, அரசு மருத்துவ அலுவலரின் பரிசோதனைக்குப் பின் அவரை அனுப்பச் சொல்வதும் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோதான். ஆகவே எம்.எஸ்சி. தடயவியல் உளவியல் என்ற பட்டம் மட்டும் கையிலிருந்தால், அரசு ஆய்வகத்தில் அலுவலராகலாம், ஆராய்ச்சி செய்யலாம், தொண்டு நிறுவனத்தில் பணிபுரியலாம். நீதிமன்றம் மிகுதியாகக் கேட்கும் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தம் கையொப்பத்தில் தருவதற்கு அது போதாது.

என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன். வசதியும் பொறுமையும் இருக்குமானால், உங்கள் மகள் முதலில் ஆர்.சி.ஐ. ஏற்ற மருத்துவ உளவியல் தகுதியைப் பெற்று, அதன் மேல் தடயவியல் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வதே நிலையான வழி. இந்தத் தகுதிக்கு இதுவரை முதன்மை வழியாக இருந்தது இரண்டாண்டு எம்.ஃபில். பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அதன் இடத்தில் வரும் படிப்புகளுக்கு விளம்பரங்கள் பல வருகின்றன. சேரும் முன், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பு அந்த ஆண்டுக்கு ஏற்கப்பட்டிருக்கிறதா என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்திலுள்ள பட்டியலில் நீங்களே பார்த்துவிடுங்கள். கல்லூரி அலுவலகத்தார் வாய்மொழியாகத் தரும் உறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

எங்கே படிப்பது என்றால், முதலில் சொல்ல வேண்டியது குஜராத்தின் காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம். குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது அது. நடத்தைசார் தடயவியலுக்கென்றே அங்கு ஒரு பள்ளி உண்டு. சேர்க்கை தனி நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. டெல்லி ரோகிணியில் இருந்த குற்றவியல், தடய அறிவியல் நிறுவனமும் இப்போது அதன் வளாகமே. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. அங்கே கிடைப்பது குற்றவியல் பட்டம். சட்டம், சிறை, பாதிக்கப்பட்டோர் பற்றிய அறிவு ஆழமாகக் கிடைக்கும், ஆனால் உளவியல் சோதனைகளை நடத்தும் தகுதி கிடைக்காது.

வேலைவாய்ப்பு மெல்ல விரிகிறது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்று கூறுவதால், ஆய்வகங்களில் பணியிடங்கள் கூடவே செய்யும். அவற்றில் பெரும்பங்கு வேதியியல், உயிரியல், கணினித் துறையினருக்கே போகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உளவியல் படித்தவர்களுக்கு மத்திய சிறைகள், கூர்நோக்கு இல்லங்கள், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகள், குடும்ப நீதிமன்றங்கள், போதை மறுவாழ்வு மையங்கள் ஆகியவற்றில் இடமுண்டு; பல இடங்களில் அது ஒப்பந்தப் பணியாகவே இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவாகவே இருக்கும் என்று கணக்கிட்டு முடிவெடுங்கள்.

நான் வழக்கறிஞர். உண்மை கண்டறியும் சோதனைகளை நடத்துவோர் தடயவியல் உளவியலாளர்கள்தாமே? நானும் இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றால் என் தொழிலுக்கு உதவுமா?
– ஒரு வாசகர், மதுரை

ஆம், பாலிகிராஃப் சோதனையையும், மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனையையும் தடய அறிவியல் ஆய்வகங்களின் உளவியல் பிரிவுகளே நடத்துகின்றன. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் பணியாற்றிய சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய பி.இ.ஓ.எஸ். என்ற மூளை அலைச் சோதனை நம் நாட்டிலேயே பிறந்தது. 2008ஆம் ஆண்டு புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் அதன் முடிவையும் சான்றாகக் கொண்டு தண்டனை வழங்கியபோது, உலகெங்கும் நரம்பியல் அறிஞர்கள் கவலை தெரிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், இசைவின்றி ஒருவரை நார்கோ (மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் பேசவைப்பது), பாலிகிராஃப், மூளை அலைச் சோதனைகளுக்கு உட்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. இசைவு கொடுத்தாலும் அது நீதித்துறை நடுவர் முன் பதிவாக வேண்டும். சோதனையின் முடிவு நேரடிச் சான்றாகாது. அதன் வழியே பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டுமே சான்றாகலாம். கட்டாயச் சோதனை கூடாது என்பதை 2025 ஜூன் மாதம் அந்நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

பாலிகிராஃப் அளப்பது இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் ஈரம் ஆகியவற்றைத்தான். பொய் சொல்வதற்கென்று உடலில் தனிக்குறி எதுவும் இல்லை. அஞ்சும் நிரபராதிக்கும் துடிப்பு ஏறும். பழகிய குற்றவாளிக்கு ஏறாமலும் இருக்கும். இந்தக் கருவிகளை இயக்குவதற்காக மட்டும் ஒருவர் இரண்டாண்டு படிப்பது வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களைப் போன்ற வழக்கறிஞருக்கு உளவியல் இளநிலைப் பட்டம் இல்லையெனில், எம்.எஸ்சி. சேர்க்கை பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கவும் வேண்டியதில்லை, குற்றவியலிலோ குற்றவியல் நீதியிலோ முதுநிலைப் படிப்பு உங்களுக்குப் போதும். ஆனால் நிபுணர் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவின் கீழ் ஓர் உளவியலாளர் கூண்டேறும்போது, எந்தச் சோதனையைப் பயன்படுத்தினார், அதன் மதிப்பெண் அளவுகோல் எந்த மக்களிடம் உருவாக்கப்பட்டது, தமிழில் நடத்தினாரா, எத்தனை அமர்வுகளில் சந்தித்தார், வழக்குக் கோப்பை முதலில் படித்தாரா அல்லது ஆளை முதலில் சந்தித்தாரா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் ஒரே கோப்புகளைக் கொடுத்து, சிலரிடம் அரசுத் தரப்பு அமர்த்தியதாகவும் மற்றவர்களிடம் எதிர்த்தரப்பு அமர்த்தியதாகவும் நம்பவைத்தார்கள். 40 மதிப்பெண் கொண்ட புகழ்பெற்ற மனப்பிறழ்வு அளவுகோலில்கூட, தம்மை அமர்த்திய தரப்புக்குச் சாதகமாகவே மதிப்பெண்கள் சாய்ந்தன. அவர்கள் யாரும் பொய் சொல்ல எண்ணியவர்கள் அல்லர். அதனால்தான் குறுக்கு விசாரணை தேவைப்படுகிறது.

எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டேன். கல்விக்கடன் வாங்கி இங்கிலாந்தில் ஓராண்டு தடயவியல் உளவியல் எம்.எஸ்சி. படிக்க ஒரு கல்வி ஆலோசனை மையம் அழைக்கிறது. படித்து முடித்ததும் அங்கேயே தடயவியல் உளவியலாளராகப் பணியாற்றலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அந்த வாக்கியத்தை அப்படியே நம்பாதீர்கள். இங்கிலாந்தில் தடயவியல் உளவியலாளர் என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பணிப்பெயர். ஹெச்.சி.பி.சி. என்ற, மருத்துவம் சார்ந்த பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பின் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே தம்மை அப்படி அழைத்துக்கொள்ளலாம். உளவியலாளர்கள் அந்தப் பதிவேட்டின் கீழ் வந்தது 2009 ஜூலையில். பிரித்தானிய உளவியல் சங்கம் ஏற்ற ஓராண்டு எம்.எஸ்சி. அந்தப் பதிவை நோக்கிய முதல் கட்டம் மட்டுமே. அதன் பின் இரண்டாம் கட்டமாக, குறைந்தது இரண்டாண்டு முழுநேரக் கண்காணிப்புப் பயிற்சியைச் சிறையிலோ பாதுகாப்பு மருத்துவமனையிலோ முடித்தாக வேண்டும். இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கிய மூன்றாண்டு முனைவர் படிப்புகளும் சில பல்கலைக்கழகங்களில் உள்ளன.

இந்த இரண்டாம் கட்டத்தில்தான் வெளிநாட்டு மாணவர்கள் தேங்கிவிடுகிறார்கள். பயிற்சி இடங்களைப் பெருமளவில் தருவது அந்நாட்டுச் சிறைத்துறை. அங்கு போட்டி கடுமை, பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. படிப்புக்குப் பின் தங்க அனுமதிக்கும் விசாவின் காலமோ குறுகியது. கடன் தவணை அதற்குள் தொடங்கிவிடும்.

ஆலோசனை மையத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் இந்தியப் பட்டங்கள் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அடிப்படைத் தகுதிக்கு நிகராக ஏற்கப்படுமா? ஏற்கப்படாவிட்டால் தனி மாற்றுப் படிப்பு ஒன்றை முதலில் முடிக்க நேரும். நீங்கள் சேரும் எம்.எஸ்சி. அச்சங்கத்தால் முதல் கட்டமாக ஏற்கப்பட்டதா? ஒரே பெயரில் ஏற்புப் பெறாத படிப்புகளும் நடக்கின்றன. கடந்த ஆண்டுகளில் அங்கே படித்த இந்திய மாணவர்களில் இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தவர் எவர்? இதற்குப் பெயர் சொல்லிப் பதில் தர முடியாத மையத்திடம் முன்பணம் கட்டாதீர்கள்.

அமெரிக்கா இதைவிட நீண்ட பாதை. அமெரிக்க உளவியல் சங்கம் 2001இல் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது என்றாலும், அங்கு சுயமாகப் பணியாற்றும் உரிமத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம் வேண்டும்.

இவ்வளவும் சொன்னது உங்களைத் தடுப்பதற்கன்று. இங்கிலாந்தின் எம்.எஸ்சி.யில் சட்டமும் ஆய்வு முறையும் இடர் மதிப்பீடும் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆராய்ச்சியையோ, இந்தியா திரும்பிக் கற்பிக்கும் பணியையோ மனத்தில் கொண்டு, உதவித்தொகையோடு செல்வீர்களானால் அது நல்ல முடிவு. பணிப்பெயரை நம்பிக் கடனில் செல்வதுதான் ஆபத்து.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் "தொடர் கொலையாளிகளின் மனநிலை" என்ற தலைப்பை எடுத்தேன், வழிகாட்டி மறுத்துவிட்டார். நம் ஊரில் செய்யக்கூடிய நல்ல தலைப்பு எது?
– ஒரு மாணவர், சென்னை

உங்கள் வழிகாட்டி சரியாகவே செய்திருக்கிறார். ஓராண்டில் ஒரு மாணவருக்குத் தொடர் கொலையாளிகள் கிடைக்க மாட்டார்கள். கிடைப்பவை பழைய செய்தித்தாள்கள்தாம். கைக்கெட்டும் தூரத்தில் எவரும் தொடாத கேள்விகள் எத்தனையோ காத்திருக்கின்றன.

சாட்சிகளின் நினைவை எடுத்துக்கொள்ளுங்கள். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் ஜான் பாமர் என்பவருடன் சேர்ந்து செய்த ஆய்வு நீங்கள் படித்ததுதான்: கார் விபத்துப் படம் ஒன்றைப் பார்த்தவர்களிடம், வண்டிகள் மோதியபோது என்ன வேகம் என்று சிலரிடமும், நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு, முதல் குழுவில் 50 பேரில் 7 பேரும், இரண்டாம் குழுவில் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. காவல் நிலையத்தில் தமிழில் கேட்கப்படும் கேள்விகளின் அமைப்பு சாட்சியின் நினைவை எப்படி மாற்றுகிறது என்பதைக் கல்லூரி மாணவர்களை வைத்தே சோதிக்கலாம். செலவு அதிகமில்லை, ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலும் எளிதில் கிடைக்கும்.

இதைவிட அவசரமானது குழந்தைகளிடம் கேள்வி கேட்கும் முறை. போக்சோ வழக்குகளில் குழந்தையின் முதல் வாக்குமூலமே வழக்கின் உயிர். "அந்த மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டால் குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும், இரண்டு பதிலையும் நம்ப முடியாமல் போகும். "அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லும்மா" என்று தொடங்கி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் தொடர்ந்து, இடையில் வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொண்டால், குழந்தை தன் சொற்களில் தானே சொல்லும். அச்சொற்கள் குறுக்கு விசாரணையில் நிற்கும். திறந்த கேள்விகளை முதன்மையாகக் கொண்ட பேட்டி நெறிமுறைகள் பல மொழிகளில் சோதிக்கப்பட்டுள்ளன. நம் மாவட்டங்களில் குழந்தைகளோடு பேசும் ஆற்றுப்படுத்துநர்களுக்கு அப்பயிற்சியைக் கொடுத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் நடிப்புப் பேட்டிகளைப் பதிவு செய்து, திறந்த கேள்விகளின் பங்கு கூடுகிறதா என்று அளப்பதே ஒரு முழு ஆய்வேடு. பாதிக்கப்பட்ட குழந்தை எவரையும் நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை.

சோதனைகளைத் தமிழுக்குக் கொண்டுவருவது மூன்றாவது களம். பொய் நோய் நடிப்பைக் கண்டறியும் சோதனைகள் பலவும் மேற்கத்திய, படித்த மக்களிடம் அளவீடு செய்யப்பட்டவை. பள்ளிக்கே போகாத ஒரு விசாரணைக் கைதி அவற்றில் குறைந்த மதிப்பெண் பெற்றால், நடிக்கிறார் என்று எழுதிவிடுவது பெரும் அநீதி. கிராமப்புறத் தமிழ் பேசும், எழுத்தறிவு குறைந்த நலமான பெரியவர்களிடம் அத்தகைய ஒரு சோதனையை நடத்தி, அவர்கள் இயல்பாக எவ்வளவு பெறுகிறார்கள் என்று பதிவு செய்தால், நாளை ஏதோ ஒரு நீதிமன்றத்தில் அது ஒருவரைக் காக்கும்.

சிறைக்குள் ஆய்வு செய்வதானால், சிறைத்துறைத் தலைமையின் எழுத்து அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம்; முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். கைதியின் இசைவு உண்மையான இசைவாக இருக்க வேண்டும். மறுத்தால் சலுகை போகாது, சம்மதித்தால் சலுகை கிடைக்காது என்பதை அவருடைய மொழியில் சொல்லிப் புரியவைத்த பின்னரே தொடங்குங்கள். சிறை மறுவாழ்வுத் திட்டங்களை மதிப்பிட விரும்பினால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இங்கிலாந்துச் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்காகப் பல ஆண்டுகள் பெருமையோடு நடத்தப்பட்ட சிகிச்சைத் திட்டத்தை அந்நாட்டு நீதி அமைச்சகம் ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சை பெற்ற 2,562 பேரில் 10 சதவீதத்தினர் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்திருந்தார்கள். அதைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் அது 8 சதவீதம். திட்டம் நிறுத்தப்பட்டு வேறு திட்டங்கள் வந்தன. நல்லெண்ணத்தோடு நடத்தப்படுவதாலேயே ஒரு திட்டம் பயன் தந்துவிடாது. அளந்து பார்த்து, பாதகமான முடிவையும் வெளியிடும் நேர்மை நம் துறைகளுக்கும் வேண்டும்.

கொடுமையான வழக்குகளை நாள்தோறும் கேட்டால் நம் மனமே கெட்டுவிடாதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பாதிப்பு உண்டு. உறக்கம் கெடுவது, சொந்தப் பிள்ளையை வெளியே விட அஞ்சுவது, எவரையும் நம்பாமை ஆகியவை இத்துறையினரிடம் தோன்றக்கூடியவை. மூத்த உளவியலாளர் ஒருவரிடம் வாரந்தோறும் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் கண்காணிப்பு முறை பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, களப்பயிற்சி மணி எத்தனை, கண்காணிப்பவர் யார், அவர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதியவரா என்று கேளுங்கள். கட்டடத்தையும் விடுதியையும்விட இது முக்கியம்.

வரும் ஆண்டு சேரவிருக்கிறேன். இடைப்பட்ட மாதங்களில் என்ன தயாரிப்புச் செய்யலாம்?
– ஒரு வாசகர், திருவாரூர்

உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குச் சென்று பின் இருக்கையில் உட்காருங்கள். விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடப்பதால் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போக்சோ வழக்குகளும் இளைஞர் நீதிக் குழும விசாரணைகளும் மூடிய அறையில் நடப்பவை, அங்கே போகக் கூடாது. மருத்துவர் சாட்சி சொல்லும் நாளை நீதிமன்ற ஊழியரிடமோ இளம் வழக்கறிஞரிடமோ கேட்டு வைத்துக்கொண்டு அன்று செல்லுங்கள். நிபுணரிடம் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், அவர் எங்கே தடுமாறுகிறார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது நீதிபதி எப்படி ஏற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் புள்ளியியலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலாம் ஆண்டில் மாணவர்கள் அதிகம் திணறுவது அந்தப் பாடத்தில்தான். செல்வி வழக்கின் தீர்ப்பும் மனோஜ் வழக்கின் தீர்ப்பும் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் நீளமானவை, நாளுக்குச் சில பக்கங்களாகப் படித்தாலும் சேர்க்கைக்குள் முடித்துவிடலாம்.